குடை விரிஞ்சிச்சா?

பாண்டுரங்கனால் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார முடியாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிற ஆள். திண்டிவனம் – விழுப்புரம் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர். அதனால் இந்தக் குணம் வந்ததா, குணம் இருந்ததால் வேலை ஒத்துப்போனதா என்பது அவர் மனைவி ஜெயத்துக்கே இன்னும் பிடிபடவில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் போயும் போயும் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்பட்டார். அதற்கு வேண்டியவை கடல் தண்ணீர், விளக்கு, பொறுமை. முதல் இரண்டையும் எப்படியோ சேர்த்துவிட்டார்.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கோபி. நாலு வருஷத்துக்கு முன்னால் தன் தொட்டியிலிருந்து நகத்தளவு மென்பவளத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அது காளான் மாதிரி தண்டு விட்டு, தோசைக் கரண்டி அகலத்துக்கு வளர்ந்தது. வீட்டில் அதற்குக் குடை என்றே பெயர். மேலே இழை இழையாக நீட்டிக்கொண்டு நின்றால் குடை விரிந்திருக்கிறது, சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

போன டிசம்பர் வெள்ளத்தில் கோபி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து தொட்டியே போய்விட்டது. "உன் குடையிலேர்ந்து ஒரு துண்டு குடுத்துடு பாண்டு, நான் மறுபடியும் ஆரம்பிச்சிக்கிறேன்" என்றார் கோபி. "தை பொறக்கட்டும், நானே கொண்டாந்து தர்றேன்" என்று பாண்டுரங்கன் வாக்குக் கொடுத்தார்.

தை பிறந்தது, குடையின் ஓரம் கறுத்து அழுகத் தொடங்கியது. நல்ல பகுதியை வெட்டித் தனித்தனியாகக் கல்லில் ஒட்டவைத்தால்தான் பிழைக்கும். லீவு போட்டுவிட்டுப் புது பிளேடால் வெட்டினார். நாற்றம் வீட்டைத் தூக்கியது. நாலு துண்டு தேறியது. கல்லோடு சேர்த்துக் கட்ட வேண்டுமே? சட்டைப் பையில்தான் எப்போதும் ரப்பர் பேண்டு இருக்கிறதே! நோட்டுக் கட்டுக்குப் போடும் அதே பழக்கத்தில் ரெண்டு சுற்று இறுக்கிப் போட்டார். மறுநாள் காலையில் ரப்பர் பேண்டு இரண்டு துண்டுகளை அறுத்துக் கூழாக்கியிருந்தது.

மிச்சம் இரண்டின் கட்டையும் அவசரமாக அவிழ்த்து, கல்மேல் சும்மா வைத்தார். அப்புறம் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒட்டியதா என்று மணிக்கொரு தரம் கையை விட்டுத் தூக்கிப் பார்த்தார். டூட்டிக்குப் போனால் பஸ் நிற்கிற இடத்திலிருந்தெல்லாம் ஜெயத்துக்குப் போன். "குடை விரிஞ்சிச்சா?"

மூன்றாம் நாள் ஜெயத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னா ஒரே பேஜாரா கீது உங்களோட! ஒட்றதுக்குள்ள புடுங்கிப் புடுங்கிப் பாத்துக்கினே இருந்தா அது எங்கருந்து ஒட்டும்?"

ஜெயம் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். அண்ணன் வீட்டிலிருந்து கிழிந்த நெத்திலி வலைத்துண்டு ஒன்றை வாங்கி வந்து, நல்ல தண்ணீரில் நாலு முறை அலசினாள். கல்மேல் துண்டுகளை வைத்து, மேலே வலையைப் போர்த்தி, சுற்றிலும் கூழாங்கல் வைத்தாள். "வலை தொட்டுக்கினு இருக்கணும், அமுக்கக் கூடாது" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். "மேல்மலையனூர் அங்காளம்மன் மேல ஆணை. அமாவாசை வரைக்கும் நீங்க தொட்டியில கைய வுடக் கூடாது."

அந்தப் பன்னிரண்டு நாளும் பாண்டுரங்கன் பட்ட பாடு! விக்கிரவாண்டிக்குக் கேட்டவருக்கு விழுப்புரம் டிக்கெட்டைக் கொடுத்து ஏச்சு வாங்கினார். நடுவில் கோபி போன் செய்து கேட்டபோது, "ஜம்முனு கீது, ஜல்தியா கொண்டாறேன்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு கூசியது. இந்த இரண்டும் போய்விட்டால் கோபி கொடுத்தது பூண்டோடு போச்சு.

அமாவாசைக் காலையில் வலையை எடுத்தார். ஒரு துண்டு கரைந்து போயிருந்தது. இன்னொன்றைத் தொட்டுத் தூக்கினார். கல்லும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. பாண்டுரங்கன் விம்மி விம்மி அழுதார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கீது. நாமளே வெச்சிக்கலாங்க. வளந்தப்புறம் அந்த அண்ணனுக்குக் குடுக்கலாம்" என்றாள் ஜெயம். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. ஆனால் தன் கையைத் தன்னால் எத்தனை நாள் கட்டிவைக்க முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

டிபன் டப்பாவில் கடல் தண்ணீர் ஊற்றி, கல்லோடு வைத்து, விழுப்புரத்துக்கு எடுத்துப் போனார். கோபியின் புதுத் தொட்டிக்கு முன்னால் நின்று நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டார்.

"அப்ப உன் தொட்டியில இன்னா இருக்குது?" என்றார் கோபி.

"வெறும் கல்லு."

கோபி அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

மறுநாள் முதல் டிரிப்பிலேயே கோபிக்குப் போன் போனது. "விரிஞ்சிச்சா?" அடுத்த டிரிப்பிலும் போனது. நாலாம் நாளோடு கோபி எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஒன்பதாம் நாள் பஸ் விக்கிரவாண்டியில் நிற்கும்போது கோபியே கூப்பிட்டார். "பாண்டு, குடை விரிஞ்சிடுச்சி."

பாண்டுரங்கன் பின்படிக்குப் பக்கத்திலிருந்த காலி சீட்டில் உட்கார்ந்தார். ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள், இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "யோவ் கண்டக்டர், விசில் குடுய்யா!" என்று பஸ்ஸே கத்தியது. அவர் எழுந்திருக்கவில்லை.