ஜோகு மகதோ மூடிய குழி

சித்வன் காட்டை ஒட்டி ஓடும் ராப்தி ஆற்றில் ஓடம் தள்ளியே பாதி ஆயுளைக் கழித்தவர் ஜோகு மகதோ. அக்கரைக் காண்டாமிருகங்களை வெள்ளைக்காரர்களுக்குக் காட்டித்தான் அவர் அடுப்பு எரிந்தது. மாவோயிஸ்டுகளுக்கும் பட்டாளத்துக்கும் சண்டை முற்றியதும் வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. காட்டுக்குள் சிதறிக் கிடந்த காவல் சாவடிகளைக் காலி செய்துவிட்டுப் பட்டாளம் ஒரே பெரிய முகாமுக்குள் போய் அடைந்துகொண்டது. எப்போதாவது ஒரு ரோந்து வரும். தங்கள் உயிரைக் காப்பதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தபோது, மிருகத்தின் உயிரை யார் பார்ப்பது? கொம்புத் திருடர்களுக்குக் கொண்டாட்டம்.

மீன் கூடையைப் பார்க்க அக்கரைக்குப் போன ஒரு காலையில், நாணல் பரப்பி மறைத்த பெரிய குழி ஒன்று ஜோகுவின் கண்ணில் பட்டது. காது கிழிந்த பெட்டைக் காண்டாமிருகம் தன் கன்றோடு தண்ணீருக்கு வரும் தடம் அது. காண்டாமிருகம் லேசில் தடம் மாற்றாது. வெட்டியவனுக்கும் அது தெரிந்திருக்கிறது.

முகாமில் போய்ச் சொன்னால் மாவோயிஸ்டுகள் ஒற்றன் என்பார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். ஆகவே தானே மூடிவிடுவது என்று ஜோகு கிளம்ப, மனைவி லகனி மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டாளத்தான் கண்ணுல பட்டா, அந்தக் குழியில உன்னைத்தான்யா போட்டு மூடுவான்."

"புள்ளைக்காரிடி அது," என்றார் ஜோகு. அவள் பிடியை விட்டாள்.

எதையும் சுத்தமாகச் செய்கிறவர் அவர். குழியை நிரப்பி, மிதித்து, மேலே தட்டிச் சமப்படுத்திவிட்டு வந்தார். வினையே அங்கேதான். மறுநாள் வந்த ரோந்துக்காரர்கள் பாதையில் புது மண்ணைப் பார்த்ததும் கண்ணிவெடி என்று முடிவு கட்டிவிட்டார்கள். சுபேதார் ஊருக்குள் வந்து, இனி அக்கரைக்கு ரோந்தே கிடையாது, யாரும் போகவும் கூடாது என்று அறிவித்தார்.

இருந்த கொஞ்சநஞ்சக் காவலையும் நாமே விரட்டிவிட்டோமே என்று பொறுக்காமல், ஜோகு எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார்.

சுபேதார் நம்பவில்லை. "குழியத்தான் மூடினியா? சரி, நீயே தோண்டிக் காட்டு."

அக்கரைக்குப் போனதும் சிப்பாய்கள் தூரத்து மரங்களுக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்கள். ஜோகு தோண்டினார். அடிமண் வரை தோண்டிக் காட்டிய பிறகுதான் சுபேதார் கிட்டே வந்தார். எட்டிப் பார்த்தவருக்கு முகம் தெளிந்தது. திரும்ப மூடிவிடட்டுமா என்று ஜோகு கெஞ்சினார்.

"மறுபடி புது மண்ணா? அடுத்த தடவை வர்றவன் இதப் பாத்து ஓடறதுக்கா? கெடக்கட்டும் விடு."

பொழுது சாய்வதற்குள் முகாம் சேர வேண்டிய அவசரம் அவர்களுக்கு. விசாரணை பாக்கி இருக்கிறது என்று ஜோகுவையும் கூட்டிப் போனார்கள்.

சில நாள் கழித்து விட்டார்கள். முகாம் வாசலில் நின்ற லகனி, அடித்தார்களா என்றுகூடக் கேட்கவில்லை. பெட்டை விழுந்துவிட்டது, கொம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். வெட்டித் தயாராகக் கிடந்த குழி. நாணல் பரப்புவது ஒன்றுதான் திருடர்களுக்கு மிச்சம் இருந்த வேலை. கன்று குழி ஓரத்திலேயே நின்று கத்திக்கொண்டிருக்கிறதாம்.

வழியில் டீக்கடைக்காரர் வருத்தப்பட்டார். "எந்தப் படுபாவி அந்தக் குழிய வெட்டினானோ."

"நான்தான்," என்றார் ஜோகு.