லீவரில் கட்டிய டியூப்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. கொல்லிமலையில் பைல் நாட்டுப் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்கு, சேந்தமங்கலத்திலிருந்து ஒரு பவர் வீடரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். பெட்ரோலில் ஓடி மண்ணைக் கிளறுகிற சின்ன மெஷின். மாமாவின் காடு முழுக்கப் படிப்படியான வயல்கள். மாடு கட்டி உழுதால் திரும்பவே சிரமம். ஒரே நாளில் உழுது காட்டுகிறேன் என்று சவால் விட்டிருந்தேன்.

அதன் கைப்பிடியில் ஒரு லீவர் உண்டு. அழுத்திப் பிடித்தால்தான் கத்திகள் சுற்றும், விட்டால் நின்றுவிடும். முந்தின நாள் கீழே சேந்தமங்கலத்தில் ஓட்டிப் பழகியபோது கை கடுத்தது. பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து, லீவரை அழுத்தினபடியே கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

மறுநாள் காலை பெட்ரோல் ஊற்றி, கேனைத் தூரமாக வைத்தேன். மாமா கற்பூரத்தோடு வந்தார். பெட்ரோல் பக்கத்தில் நெருப்பே கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நிற்க, கடைசியில் எலுமிச்சம்பழம் மட்டும் போதும் என்று முடிவானது. முதல் சுற்றிலேயே கத்தியில் பழம் அறுபட வேண்டும்; அது எங்கள் வழக்கம். அக்கா பழத்தைக் கத்திக்கு முன்னால் வைத்தாள்.

இன்ஜினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தேன். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தேன். இல்லை.

"ஏனுங் மாப்ள, ஏரையே பூட்டிரட்டுமா?" என்றார் மாமா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆக்சிலேட்டரை முழுக்கத் தள்ளினேன். நான் இழுத்து ஆட்டியதில் பழம் சரிவில் உருண்டது. "இரு கண்ணு, பழம் ஓடுது" என்று அக்கா முன்னால் போய்க் குனிந்தாள். எப்படியும் பிடிக்கப்போவதில்லை என்ற நினைப்பில் இழுத்தேன்.

பிடித்துவிட்டது.

மெஷின் ஒரு துள்ளு துள்ளி அக்கா மேல் பாய்ந்தது. அவள் பின்பக்கமாக விழுந்தாள். வெறுங்கால், காட்டுக்குள் நாங்கள் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. சேலை முந்தி கத்தியில் சிக்கி, மடமடவென்று சுற்றி, அவளை இழுக்க ஆரம்பித்தது. நான் முட்டாள்தனமாக முன்னால் ஓடிச் சேலையைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"கத்தியில கைய வுடாதடா! ஆஃப் பண்ணு!"

சிக்கிக்கொண்டவளுக்கு இருந்த நிதானம் எனக்கில்லை. பின்னால் தாவி, சிவப்பு சுவிட்சை அறைந்தேன். நின்றது. கத்திக்கும் அவள் கணுக்காலுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தது.

மாமா கொடுவாளோடு ஓடி வந்தார். "தொடாதீங்க மாமா" என்று, இன்ஜின் மறுபடி கிளம்பாதபடி பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு, அப்புறம்தான் சேலையை அறுக்கவிட்டேன். அக்கா கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள்.

மாமா என்னைத் திட்டவில்லை. "கற்பூரங் காட்டாம ஆரம்பிச்சமில்ல, அதான். நாளைக்கு மொறையாப் பண்ணிப்போடலாம்" என்றார். கறுப்புக் கைப்பிடியில் கறுப்பு டியூப்; அவர் கண்ணில் படவே இல்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். டியூப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"சாமி குத்தமில்லீங் மாமா. நாந்தான் லீவரைக் கட்டி வெச்சேன். கட்டலைன்னா கத்தி சுத்தியே இருக்காது."

அக்கா கிழிந்த சேலையைச் சுருட்டிக்கொண்டே எழுந்தாள். "என்ற கால வெச்சா ஒனக்குப் படிப்பு வரோணும்? மொதல்ல அத அவுறுடா."

அவிழ்த்தேன். லீவர் தானாக எழும்புகிறதா என்று நான்கைந்து தடவை அழுத்திப் பார்த்து, எல்லோரையும் எனக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டுத்தான் மறுபடி கயிற்றைத் தொட்டேன்.

இப்போது அந்த மெஷினை ஓட்டுவது அக்காதான். அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், மறுநாள் முறையாகக் கற்பூரம் காட்டியிருப்போம், அந்த டியூப்பும் லீவரிலேயே இருந்திருக்கும்.