ஒரு வார்த்தை கோபப்படாதவர்

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து தொலைந்த ஃபைல்களை மீட்டுத் தருவது அவருடைய தொழில். அதனால் தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. டிஸ்கைக் காதோரம் வைத்து, உள்ளே சுழலும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பிழைச்சுக்கும்", "கஷ்டந்தான், சொல்ல முடியாது" என்று தீர்ப்புச் சொல்லும் தோரணையைப் பார்த்தால் பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லத் தோன்றாது. ஒரு மேஜை, ஒரு ஷட்டர், கழுத்து சுளுக்கிக்கொண்ட ஒரு டேபிள் ஃபேன், இவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்த மெஷின் வந்தாலும் முதலில் நகல் எடுக்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டார். "நகல் எடுக்காம கை வைக்கிறவன் மெக்கானிக்கே இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் பாடம் நடத்துவார். அந்தச் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடும். வீட்டு மெஷின் நம்முடையதுதானே, எங்கே ஓடிப்போகிறது என்று ஒரு மெத்தனம். மெத்தனம் என்று நான் மெதுவாகச் சொல்கிறேன். உண்மையில் அது திமிர்.

அவர் மனைவி ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருந்தாள். அங்கே அவளுக்குப் பேட்டர்ன் அக்கா என்று பெயர். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. பகலெல்லாம் நின்றுகொண்டு ஒரே சட்டையின் ஒரே கையை அடுக்கடுக்காக வெட்டும் வேலை. வீட்டுக்கு வந்தபிறகுதான் அவளுடைய சொந்த வேலை தொடங்கும். கடையில் விற்கும் சட்டை எல்லா உடம்புக்கும் பொருந்தாது என்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தோள் இறங்கியவர்கள், ஒரு கையாலேயே பொத்தான் போட வேண்டியவர்கள், நாளெல்லாம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள், இவர்களுக்கென்று தனித்தனியாகப் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவுப் படம், போட ஆரம்பித்தாள். ஆளைத் தேடிப் போய் அளவு எடுப்பாள், வந்து கம்ப்யூட்டரில் வரைவாள், தைத்துப் பார்ப்பாள், பிரித்துத் திருத்துவாள். இப்படியே சில வருஷம் ஓடியது. நோயாளிகளுக்கான சாமான்கள் விற்கும் ஒரு கடைக்கார அம்மா இதைக் கேள்விப்பட்டு, மொத்தத்தையும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். பிடித்துவிட்டால் அவளோடு சேர்ந்தே தொழில். அதன்பிறகு வெட்டும் மேஜை முன்னால் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை.

அவள் பேட்டர்ன் வரையும் சாஃப்ட்வேர் பழையது. பழைய விண்டோஸில்தான் ஓடும், புதியதைக் கண்டால் முறைத்துக்கொள்ளும். டாக்டருக்கோ டிஸ்க் மீட்கும் வேலைக்கு லினக்ஸ் வேண்டும். வீட்டில் இருந்த நல்ல மெஷின் ஒன்றே ஒன்று. ஆகவே ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம் வைப்பது என்று முடிவாயிற்று. போட்டவுடன் திரை கேட்கும், விண்டோஸா லினக்ஸா என்று. அம்புக்குறியை நகர்த்தி வேண்டியதில் நுழைந்துகொள்ளலாம். டிஸ்கை மூன்றாகப் பிரித்தார். ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு, நடுவில் இருவருக்கும் பொதுவான ஒன்று. அவளுடைய பேட்டர்ன்கள் அந்தப் பொது இடத்தில் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வேலையைச் செய்தார். அவருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நகல் எடுத்தார். அவள் பக்கத்தில் ஒரு கோடுகூட நகராமல் சுத்தமாக முடித்தார். அடுத்த வாரமே ஒரு வாடிக்கையாளருக்கு அவசரமாக டிஸ்க் தேவைப்பட, அந்த நகலை அழித்துவிட்டு அந்த டிஸ்கைக் கொடுத்தார். வேறொன்றில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

சண்டை வந்தது வேறொரு விஷயத்தில். அவள் கம்ப்யூட்டரை அணைக்கவே மாட்டாள், ஹைபர்னேட்டில் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மறுநாள் திறந்தால் விரித்துவைத்த துண்டுகள் விரித்தபடியே இருக்க வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு சிஸ்டம் இருந்தால் அது ஆபத்து. ஹைபர்னேட்டில் தூங்கும் சிஸ்டம், டிஸ்கில் எது எங்கே இருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு தூங்குகிறது. அந்த நேரத்தில் மற்றது போய்ப் பொது இடத்தில் எதையாவது மாற்றிவைத்தால், விழித்ததும் பழைய ஞாபகத்திலேயே எழுதித் தள்ளிவிடும். தூங்குகிறவரை எழுப்பாமல் கட்டிலை இடம் மாற்றினால், எழுந்தவர் சுவரில் முட்டிக்கொள்ள மாட்டாரா, அந்தக் கதைதான். இதைத் தெரிந்துதான் டாக்டர் முதல் நாளே அந்த வசதியை நிறுத்தினார்.

"ஏங்க, எனக்குக் கிடைக்கிறதே கொஞ்ச நேரம். அதுல பாதி, நேத்து எங்க விட்டேன்னு தேடுறதுலயே போகுது" என்றாள் அவள்.

"முழுசா அணைச்சாத்தான் பத்திரம்மா."

"வீட்டுக்கு வந்து உலை வச்சுட்டு உட்காருறவளுக்குத்தான் தெரியும். மூடின இடத்துல தொறக்கணும், அவ்வளவுதான். இதுக்கு இவ்வளவு விளக்கமா?"

அவள் முகம் வாடியதைப் பார்த்து அவர் இளகிவிட்டார். வசதியை மறுபடி போட்டுக் கொடுத்தார். "நான் என் பக்கம் போறதுக்கு முன்னாடி சொல்றேன். அன்னைக்கு மட்டும் முழுசா அணைச்சுடு" என்றார். அவளும் தலையாட்டினாள். அன்பில் செய்ததுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சொல்வதாக வாக்குக் கொடுத்தவர் அவர்.

கடைக்கார அம்மா வருவதற்குச் சில நாள் முன்பு, ஒரு மதியம், யாரோ ஒருவரின் குடும்பப் போட்டோக்கள் முழுவதையும் மீட்க வேண்டிய வேலை வந்தது. கடை மெஷினில் இடம் போதவில்லை. ஆள் வேறு தலைமேல் நின்றார். டாக்டர் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது டிஸ்கையும் கையோடு கொண்டுவந்தார். மனைவி தொழிற்சாலையில் இருந்தாள். அவள் பக்கம் தூக்கத்தில் இருந்தது. லினக்ஸில் நுழைந்து பொது இடத்தைத் திறந்ததும் திரை எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைச் சுற்றிக்கொண்டு போகும் வழி அவருக்குத் தெரியும். போனார். போட்டோக்களைக் கொட்டினார், பிரித்தார், எடுத்துக்கொண்டார், மிச்சத்தை அழித்தார். அவளுக்குப் போன் பண்ண வேண்டும் என்று ஞாபகம் வந்தது. தொழிற்சாலையில் வேலை நேரத்தில் எடுக்கமாட்டாளே என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் அவள்தான் கடைக்குப் போன் பண்ணினாள். "என்னமோ டிஸ்கைச் சரி பண்ணவான்னு கேட்டுச்சுங்க. நான் எதையோ அமுக்கிட்டேன். இப்ப ஒண்ணுமே காணோம்."

ஓடிவந்து பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. பேட்டர்ன் பெயர்களெல்லாம் இருந்தன, உள்ளே அவள் வரைந்தது எதுவும் இல்லை. தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் செய்து பார்த்தார். சக்கர நாற்காலிக்கான காற்சட்டை என்று பெயரிட்ட ஃபைலைப் பிரித்துப் பார்த்தால், யாரோ ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் பாதிச் சிரிப்பு இருந்தது. ஊரார் தொலைத்ததையெல்லாம் மீட்ட மனிதர், தன் வீட்டுப் பொருளின் மேல் தானே அந்நியர் போட்டோவைக் கொட்டி மூடியிருந்தார்.

அவள் கதவோரம் நின்றாள். "நான்தான் கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். இல்லம்மா, நான்தான், உனக்குச் சொல்லாம உள்ள போயிட்டேன். நாக்கு நுனிவரை வந்தது. தெருவுக்கே டாக்டர், வாய் கிழியப் பாடம் நடத்துகிறவர், எப்படிச் சொல்வார்?

"விடு. தெரியாமத்தானே பண்ணினே" என்றார்.

தன் தப்புக்கு அவளை மன்னித்துவிட்டார். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் நடந்துகொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கடைக்கார அம்மாவை வரவேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அதோடு கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. போனில் ஏதாவது புதிதாகக் கேட்டால்கூட, "நீங்களே அமுக்குங்க, என் கைக்கு ராசி கிடையாது" என்று அவரிடம் நீட்டிவிடுவாள். டாக்டரின் அக்கா வரும்போதெல்லாம், "உன்கிட்ட மெஷினைக் குடுத்தா குரங்கு கையில பூமாலைதான்" என்று சீண்டுவாள். மனைவியும் சேர்ந்து சிரித்துவிட்டு, "ஆனா அண்ணி, அன்னைக்கு உங்க தம்பி ஒரு வார்த்தை கோபப்படலை. வேற ஆளா இருந்தா வீட்டை ரெண்டு பண்ணியிருப்பாங்க" என்பாள். சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு பெருமை வரும். டாக்டர் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். தாகம் இருக்காது.

வருஷங்கள் போயின. அவள் முட்டியில் வலி வந்தது. தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பேட்டர்ன் பிரிவு ஒன்று புதிதாகத் தொடங்கினார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை. சூப்பர்வைசர் முதலில் அவளைத்தான் கேட்டார். ஒரு வாரம் யோசித்துச் சொல்லச் சொன்னார். அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை.

ஒரு காலை, முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். "புது செக்‌ஷனுக்குக் கூப்பிட்டாங்க. வேணாம்னுட்டேன். அங்க போயும் எதையாவது அழிச்சு வச்சா, உங்களை மாதிரி அவங்க சும்மா விடுவாங்களா?"

டாக்டர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். சொல்லத் தொடங்கினார். அந்த மதியம், தூங்கிக்கொண்டிருந்த மெஷின், சுற்றிக்கொண்டு போன எச்சரிக்கை, பண்ணாத போன், எதையும் விடவில்லை. அவள் அமுக்கியதில் ஒன்றுமே இல்லை, அதற்கு முன்பே எல்லாம் போய்விட்டிருந்தது என்றும் சொன்னார்.

அவள் துணியின் முனையைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப என் கையில தப்பு இல்ல" என்றாள்.

"இல்லம்மா."

"எல்லாம் என் தலையிலதாங்க இருந்துச்சு. மறுபடி வரைஞ்சிருப்பேன். நம்ம கைக்கு ஆகாதுன்னுதானே விட்டேன்."

"இன்னைக்கே போய் சூப்பர்வைசர்கிட்டக் கேளு. நான் வேணா கூட வரேன்" என்றார்.

தொழிற்சாலை வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவள் துணியை முடிச்சுப் போட்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"அந்த இடத்துக்கு நேத்து சாயங்காலம் வேற பொண்ணைப் போட்டுட்டாங்க" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நேத்துக் காலையில சொல்லியிருந்தாக்கூடப் போதுங்க."