கறியும் கை நனைத்தலும்

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் அப்போது தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் அடங்காத வாய் வெளியில் மட்டும் அடங்குமா? யாராவது ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், அடுத்த பஸ்ஸை அவர்கள் விட்டுவிட வேண்டியதுதான். என் கணவர் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் தம்பிக்குப் பெண் பார்க்க அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். தம்பி தீப்பெட்டி ஆபீசில் மேனேஜர். அங்கே எத்தனை பேரை அதட்டுவானோ தெரியாது, வீட்டில் சட்டை எடுப்பதென்றால்கூட அம்மாவிடம்தான் நிறம் கேட்பான். அதுவரை பார்த்த பெண்களைப் பற்றி எப்போது கேட்டாலும் "அம்மா சொல்லுததுதான்" என்பான். அம்மாவோ கழுகுமலையில் ஓர் இடத்தை மனதுக்குள் முடித்தே வைத்திருந்தாள். தரகருக்காகத்தான் இந்தப் பயணம். பஸ்ஸிலேயே எனக்குக் கட்டளை வந்தது.

"காப்பி குடிக்கலாம். காரச்சேவு கொறிக்கலாம். சோத்துல மட்டும் கை நனைச்சிராத, ஆமா."

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டு இலையில் உட்கார்ந்து சோறு தின்றால் சம்மதம் என்று அர்த்தம். அதிலும் மாப்பிள்ளையின் அக்காள் தின்றுவிட்டால் வெற்றிலை மாற்றியது போலத்தான்.

காப்பி ஆயிற்று, காரச்சேவு ஆயிற்று. கிளம்பலாம் என்று எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. விட்டபோது மத்தியானமாகிவிட்டது. பெண்ணின் அப்பா வாசலில் இறங்கி இரண்டு எட்டு வைத்துக் காட்டினார். செருப்பு கரிசலிலேயே நின்றுகொண்டது, கால் மட்டும் திரும்பி வந்தது.

"ரோடு காயாம பஸ்ஸு ஊருக்குள்ள வராது. ஒரு வாய் சாப்பிட்டுட்டு இருங்க."

"அதெல்லாம் முறையில்ல அண்ணாச்சி, பசியே இல்ல" என்றாள் அம்மா. எங்கள் மூன்று பேர் சார்பிலும் அவளே சொல்லிவிட்டாள். என் வயிறு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கலாமே என்று அடுப்படிக்குப் போனேன். அவள் சீனியவரைக்காயைத் தாளித்துக்கொண்டிருந்தாள். என்ன சமையல் என்று கேட்டேன்.

"வெறும் காய்கறிதான். நல்ல காரியம் பேச வந்திருக்கீங்கன்னு அப்பா கறி எடுக்கல."

"இதுவும் கறிதானே" என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சங்க காலத்தில் கறி என்றால் மிளகு என்றேன். கறித்தல் என்றால் கடித்தல், அதிலிருந்து வந்ததா என்று அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை என்றேன். நமக்குக் கறி என்றால் ஆடு, ஆனால் காய்க்குப் பின்னாலும் அதே கறி ஒட்டிக்கொண்டிருக்கிறது பார் என்றேன்.

"மலையாளத்துல எப்படிச் சொல்லுதாவ?" என்று கேட்டபடி அவள் ஒரு மணையை நகர்த்தினாள். உட்கார்ந்தேன்.

அங்கே சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது எல்லாம் கறி, நம் கறியை அவர்கள் இறைச்சி என்பார்கள். தெலுங்கில் கூர. அதுவும் இதுவும் உறவா என்று அவள் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என் மாணவர்களில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி! அந்த ஆனந்தத்தில் இலை விழுந்ததும் தெரியவில்லை, கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றியதும் தெரியவில்லை. போர்ச்சுக்கீசியர் இங்கிருந்து அதைக் கரில் என்று கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரன் கர்ரி ஆக்கிப் பொடி பண்ணி டப்பாவில் அடைத்தான். ஜப்பானில் கரே என்று சோற்றோடு தின்கிறார்கள்.

"மதினி, மோர் ஊத்தட்டுமா?" என்றாள்.

மதினி! புருஷனின் அக்காளைக் கூப்பிடும் முறை. குனிந்து பார்த்தேன். ஜப்பான் போய்ச் சேருவதற்குள் இலை காலியாகியிருந்தது. என் வலது கை மணிக்கட்டு வரை குழம்பு. பின்னாலிருந்து அவளுடைய சித்தி ஒரு குலவை போட்டாள் பாருங்கள், தெருவே கேட்டிருக்கும்.

குலவைச் சத்தத்துக்கு அம்மா ஓடி வந்தாள். "ஏட்டி, என்ன காரியம் பண்ணிருக்க?"

"பேசிக்கிட்டே இருந்தேன்மா" என்றேன். அதைவிட நல்ல பதில் அப்போது கிடைக்கவில்லை.

அம்மா லேசில் விடுகிறவள் இல்லை. பின்னாலேயே வந்த பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினாள். "இவ கட்டிக்குடுத்துப் போனவ அண்ணாச்சி. இவ தின்னது இவ புருசன் வீட்டோட போச்சு. எங்க வீட்டுல யாரும் இன்னும் கை நனைக்கல."

பெண்ணின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. மலையாளம், தெலுங்கு என்று அவள் கேட்ட கேள்வியெல்லாம் சொல்லாராய்ச்சிக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கு என் தம்பியைப் பிடித்திருக்கிறது. என் வாழ்நாளில் பேச்சு வராமல் நின்ற ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

தம்பி கூடத்திலிருந்து எழுந்து வந்தான். அம்மாவைத் தாண்டி வந்து என் பக்கத்தில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கும் ஒரு இலை போடுங்க" என்றான்.

அவன் யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றான்.

அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெண்ணிடம் திரும்பினாள்.

"அவனுக்குக் கொழம்பு நெறைய ஊத்தணும்மா" என்றாள். "சோறு முங்கணும்."