குழியில் இருந்த மூன்றாவது இடம்

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் எங்கள் வீடு ஒரு கடனுக்காக ஈட்டில் இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டை மீட்டுத் தருவதாகத் தரகர் செல்லத்துரை வந்தார். "ஈடு வைச்ச ஆக்களுக்கு அரசாங்கம் சலுகை குடுக்குது. ஒரு கையெழுத்துப் போடுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்." அவர் கூட்டிப்போன, பத்திரம் எழுதும் நொத்தாரிசின் முன்னால், ஆங்கிலத் தாளில் என்ன இருக்கிறது என்று கேட்க வெட்கப்பட்டுக் கையெழுத்திட்டேன். அது வீட்டை அவருக்கு விற்கும் உறுதிப் பத்திரம்.

சில மாதம் கழித்து ஒருநாள் விடிய அவரே முற்றத்தில் வந்து நின்றார்.

"ஒரு கிழமைக்குள்ள வீட்டை விட்டு எழும்புங்கோ. வீடும் வளவும் இப்ப என்ர."

நான் வாய் திறக்குமுன் அபாயச் சங்கு ஊதியது. நானும் மனைவியும் முற்றத்துப் பதுங்குகுழிக்குள் இறங்கினோம். மூன்று பேர் இருக்கும் அளவுக்கு நான் வெட்டிய குழி அது. பின்னால் ஓடி வந்தவரைக் காலை நீட்டி மறித்தேன்.

"அண்ணை, தள்ளுங்கோ!"

"இடமில்லை. வீடு உங்கடதானே, அங்க போய் இருங்கோவன்."

"ஐயோ, விடுங்கோப்பா, மனுசன் சாகப்போகுது," என்று மனைவி என் தோளை உலுக்கினாள். நான் காலை எடுக்கவில்லை.

விமானத் தளம் இருந்த சீனன்குடாப் பக்கம் குண்டுகள் விழுந்தன. ஒவ்வொரு வெடிக்கும் வீட்டுக்குள்ளிருந்து அவர் அலறினார்.

அவர் சாகவில்லை. உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு வெளியே வந்து, எங்களைப் பார்க்காமல் போனார். அடுத்த கிழமை எங்களை வெளியேற்றினார்.

வீடு போன துக்கம் ஆறிவிட்டது. ஒரு மனிதன் சாகலாம் என்று தெரிந்தே மறித்தவன் நான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அலறலை நினைத்தால் இன்றும் எனக்கு இனிக்கிறது. இதை நான் மனைவியிடம் சொன்னதில்லை.