வார்ட்வெல் வீட்டுப் பச்சைச் சீசா

வெர்னா ஹாலன்பெக் ஏன் எல்லோரையும் சந்தேகப்படுகிறாள் என்று கேட்பவர்களுக்கு நான் அவள் கணவன் ராயின் பூட்ஸ் கதையைத்தான் சொல்வேன்.

ராய் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவன். ஒரு குளிர்காலத்தில் அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அவன் மூச்சுவிடவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, படகுத் துறையில் வண்டியை நிறுத்திக்கொண்டு, சாயங்காலம் வரை ஹட்சன் ஆற்றில் பனிக்கட்டி மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வருவான். நான்கு மாதம் இப்படியே ஓடியது.

"பூட்ஸ்ல சிமெண்ட் தூசியே இல்ல. முதல் வாரமே பாத்துட்டேன்," என்பாள் வெர்னா. "பாத்துட்டு வாயை மூடிக்கிட்டிருந்தேன் பாரு, அதுதான் நான் செஞ்ச முட்டாள்தனம்."

அதற்குப் பிறகு அவள் வாயை மூடியதே இல்லை. இருபத்தாறு வருடம் எங்கள் ஊர் லூமிஸ் லேண்டிங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். முதுகு வலி வந்து அதை விட்டபின், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் வார்ட்வெல் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் அறைகளைத் தூசி தட்டுவது, பத்து மணிக்குமேல் வருகிறவர்களுக்கு அறை அறையாகக் காவல் நிற்பது. நான் கீழே டிக்கெட் மேஜையில் இருப்பேன். ஒன்பது வருடம் அவளோடு ஒரே கெட்டிலில் காபி குடித்திருக்கிறேன்.

எலைஹூ வார்ட்வெல் எங்கள் மலைகளை வரைந்தே பெயர் வாங்கியவர். செத்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் நாற்காலி, அவர் கட்டில், பின்கட்டில் அவர் ஓவியக் கூடம், அங்கே ஜன்னலோரப் பலகையில் அவர் வர்ணப்பொடி வைத்திருந்த பதினோரு சீசாக்கள், எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் இந்தக் காலத்து ஓவியர் ஒருவரை வரவழைத்து, அந்த அறைகளுக்குள்ளேயே அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைப்பது வழக்கம். வெர்னாவுக்கு அது அறவே பிடிக்காது. ஒரு வருடம் ஒருவர் சாப்பாட்டு அறைக் கூரையிலிருந்து முந்நூறு பிளாஸ்டிக் பைகளைத் தொங்கவிட்டார். அதற்கு முந்தின வருடம் ஒரு பெண் வார்ட்வெல்லின் கட்டிலில் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்தாள். அந்தப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றியதும் வெர்னாதான்.

"வீட்டுக்காரன் இல்லாத நேரம் பாத்து உள்ள வந்து, அவன் நாற்காலில கால்மேல கால் போட்டு உக்கார்ற மாதிரி இருக்கு," என்றாள் என்னிடம்.

நான் சொல்லும் வருடம் ஏப்ரலில் வந்தவள் ரெனாட்டா கீல். புரூக்ளினிலிருந்து ஒரு வேனும் ஆறு மரப்பெட்டிகளுமாக வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும், குட்டை முடி, பேச்சு குறைவு. மாடியில் விருந்தாளி அறையில் தங்கிக்கொண்டாள். முதல் நாளே ஓவியக் கூடத்துக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் நீல ரப்பர் கையுறை, முகத்தில் முகமூடி.

வெர்னா என்னிடம் வந்து மேஜைமேல் குனிந்தாள். "கையுறை போட்டிருக்கா."

"பழைய சாமானைத் தொடறவங்க போடத்தானே செய்வாங்க."

"திருடங்களும் போடுவாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை வெர்னா கூடத்தில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிதோறும் இறகுத் துடைப்பத்தால் சீசாக்களை ஒவ்வொன்றாகத் தட்டி, ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து தன் முட்டை சாண்ட்விச்சைச் சாப்பிடுவாள். அன்று ரெனாட்டா வாசலில் வந்து நின்று, தன் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி கையுறையை நீட்டியிருக்கிறாள்.

"இதைப் போட்டுக்கோங்களேன்."

"எதுக்கு?"

"கைக்கு நல்லது."

"என் கைக்கு எது நல்லதுன்னு அறுபத்துமூணு வருஷமா எனக்குத் தெரியும் கண்ணு."

அதை என்னிடம் சொன்னபோது வெர்னாவின் குரல் இறங்கியிருந்தது. "புரியுதா? நாளைக்கு ஏதாவது காணாமப் போனா, நானும் கையுறை போட்டிருந்தேன்னு சொல்லுவா. கூட்டுச் சேர்க்கப் பாக்குறா."

நான் சிரித்தேன். பிறகு நடந்ததைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது.

ரெனாட்டா வந்து மூன்று வாரம் கழித்து இயக்குநர் க்ளிஃபர்ட் ஆம்ஸ் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மெல்லப் பேசும் மனிதர். எங்கள் பிறந்தநாளுக்குத் தவறாமல் அட்டை எழுதித் தருவார். "வெர்னா, திறப்பு விழா முடியற வரைக்கும் ஓவியக் கூடத்தை நீங்க சுத்தம் பண்ண வேண்டாம். ரெனாட்டா வேலை நடக்குது. அவங்களே பாத்துப்பாங்க," என்றார். பேசும்போது பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கூடத்துக்குப் புதுப்பூட்டு வந்தது. சாவி அவரிடமும் ரெனாட்டாவிடமும் மட்டும்.

வெர்னா அதோடு விடவில்லை. வெளியே போய்த் தோட்டத்துப் பக்கமாகக் கூடத்தின் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். பலகையில் பதினோரு சீசாவும் இருந்தன. திரும்பி வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பச்சைச் சீசாவோட தக்கை உடைஞ்சிருக்கும். பாதி இருக்காது. ஒன்பது வருஷமா அதைத் தட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? இப்ப முழுத் தக்கை இருக்கு."

"புதுசு போட்டிருப்பாங்க."

"சீசாவே புதுசு. கழுத்து நேரா இருக்கு. பழசு கோணல். மாத்திட்டா. அசலை எடுத்துட்டு நகலை வெச்சுட்டா."

அந்த வாரம் முழுக்க அவள் ரெனாட்டாவைப் பின்தொடர்ந்தாள். வேன் பழைய செங்கல் சூளைப் பக்கம் ஆற்றங்கரையில் நிற்பதைப் பார்த்தாள். ரெனாட்டா முழங்கால் சேற்றில் இறங்கி, கரண்டியால் சேற்றை அள்ளி ஒரு சின்னச் சீசாவில் போட்டு மூடுவதைப் பார்த்தாள். மறுநாள் தோல் பதனிடும் தொட்டிகள் இருந்த ஓடையில். அதற்கு மறுநாள் சிமெண்ட் குவாரியில்.

"சேத்தை எதுக்கு அள்ளுறா?" என்றேன்.

"பழசு மாதிரி காட்டத்தான்! பொடி கலந்து அடைச்சு வெச்சா எவன் கண்டுபிடிப்பான்?"

செவ்வாய்க்கிழமை மதியம் ரெனாட்டா ஊருக்குள் போயிருந்தபோது, வெர்னா வண்டிக் கொட்டகையிலிருந்த மரப்பெட்டியைத் திறந்தாள். நான் வாசலில் காவல் நின்றேன். உள்ளே வைக்கோலுக்குள் சீசாக்கள், அச்சு அசல் அதே வடிவம். மேலே பென்சிலில் 'சூளைக் கரை', 'தோல் ஓடை' என்று எழுதியிருந்தது. பழைய சீசா ஒன்றுகூட இல்லை.

"வித்துட்டா," என்றாள் வெர்னா.

"க்ளிஃப்கிட்ட சொல்லு."

"சொன்னேன். போன வாரமே. என்ன சொன்னார் தெரியுமா? 'நீங்க ரொம்ப உழைக்கிறீங்க வெர்னா, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க'ன்னார். அவருக்கும் பங்கு இருக்கோ என்னமோ."

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். க்ளிஃபர்ட் அந்த நாட்களில் எங்களைக் கண்டால் வேறு கதவு வழியாகப் போனதை நானும் கவனித்தேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மதியம், அறங்காவலர்களுக்கும் ஊழியர்களுக்கும் மட்டும் ரெனாட்டா தன் படைப்பைக் காட்டினாள். பன்னிரண்டு பேர் இருந்தோம். கூடத்தைத் திறந்து, அந்தச் சீசாக்களைக் காட்டி விளக்கினாள். வார்ட்வெல் தன் படங்களில் வரையாமல் விட்ட இடங்களிலிருந்து, சூளையிலிருந்தும் தோல் தொட்டியிலிருந்தும் எடுத்த சேறு அவற்றில் இருக்கிறதாம். மலையை வரைந்தவர் மலைக்குக் கீழே நடந்ததை வரையவில்லை என்றாள். சிலர் தலையாட்டினார்கள். ஆப்பிள் டோனட் தட்டு கைமாறியது.

"ஒரு கேள்வி," என்றாள் வெர்னா. பேருந்தின் கடைசி சீட் வரை கேட்கிற குரல் அது. "பழைய சீசா எங்க?"

ரெனாட்டா க்ளிஃபர்டைப் பார்த்தாள்.

"அவரை ஏன் பாக்குற? உன்னைத்தான் கேக்குறேன். யாருக்கு வித்த?"

"வெர்னா, இது நேரமில்ல," என்றார் க்ளிஃபர்ட்.

"இவங்களுக்கு இன்னும் சொல்லலையா?" என்றாள் ரெனாட்டா. "சொல்லிட்டேன்னு எங்கிட்ட சொன்னீங்களே, க்ளிஃப்!"

யாரும் டோனட்டைக் கடிக்கவில்லை. ரெனாட்டா வெர்னாவின் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பச்சைப் பொடில ஆர்சனிக் இருக்கு. விஷம். அந்தக் காலத்துல அப்படித்தான் செய்வாங்க. தக்கை உடைஞ்சு பலகையெல்லாம் சிந்திக் கிடந்துச்சு. முதல் நாளே பாத்தேன், இவர்கிட்ட சொன்னேன், சோதனைக்கு அனுப்பினாங்க. அசல் எல்லாம் ஒரு ஆய்வகத்துல பூட்டி வெச்சிருக்கு. நான் எதையும் எடுக்கல."

வெர்னா தன் கைகளைப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம். பிறகு க்ளிஃபர்டைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முடிவு வந்து உறுதியான பிறகு சொல்லலாம்னு... ஊரெல்லாம் பரவிட்டா விழா..."

"எப்பலேர்ந்து?"

"ஏப்ரல் பத்து," என்றாள் ரெனாட்டா.

"எங்கிட்ட தொடைக்க வேண்டாம்னு சொன்னது மே ஒண்ணாம் தேதி." வெர்னா விரலை விட்டு எண்ணினாள். "நடுவுல மூணு வெள்ளிக்கிழமை. நீங்க தெரிஞ்சுக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தீங்க. நான் தட்டிக்கிட்டிருந்தேன்."

க்ளிஃபர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கேட்க நிற்கவில்லை. போகிற வழியில் ரெனாட்டாவிடம் மட்டும் நின்றாள்.

"கையுறை கொடுத்தியே, அப்ப ஏன் வாயைத் திறந்து சொல்லல?"

"சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டார். நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

வெர்னாவின் நகத்தையும் முடியையும் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் வெர்னா வீட்டில் தன் இறகுத் துடைப்பத்தை ஒரு பையில் கட்டி முற்றத்தின் கோடியில் போட்டுவிட்டு, ராயைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. அவனுடைய சட்டைகளையும் தன்னுடைய உடைகளோடு சேர்த்தல்லவா ஒன்பது வருடம் துவைத்தாள்! அவனுக்கும் சோதனை செய்யச் சொன்னாள். அவனுக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அளவு கொஞ்சம் கூடுதல், பயப்படும்படி இல்லை என்றார் டாக்டர். தன் விரல் நுனி மரத்துப்போவதைப் பற்றி அவள் கேட்டதற்கு, இத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்ததால்கூட இருக்கலாம் என்றார். வெர்னா அவரையும் நம்பவில்லை. ஆல்பனிக்குப் போய் வேறொரு டாக்டரிடம் காட்டினாள். அவரும் அதையே சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல படிச்சவங்களா இருக்கும்," என்றாள் என்னிடம். ஆனால் அன்றைக்குத்தான் தூங்கினாள்.

கூடத்தை மூடி முத்திரை வைத்தார்கள். ஆகஸ்டில் க்ளிஃபர்ட் குடும்பக் காரணம் என்று சொல்லி வேலையை விட்டார். அதற்கு முன்பே, ஜூனில், ரெனாட்டா தன் சேற்றுச் சீசாக்களைக் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு நாள் வெர்னாவின் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"உங்க வேலை அப்ரனைக் கொடுத்தீங்கன்னா, கண்ணாடிப் பெட்டியில அடைச்சு அந்தக் கூடத்து வாசல்ல வைக்கலாம்னு நினைக்கிறேன்," என்றாள்.

"என் அப்ரன், கீழ உன் பேரா?"

ரெனாட்டா கையிலிருந்த குறிப்பேட்டை மூடினாள்.

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் வெர்னா. "கதவு பூட்டியே இருக்கட்டும். உள்ள என்ன இருந்துச்சுன்னு எழுது. எனக்கு முன்னாடி தூசி தட்டினவங்க நாலு பேர். பேரு நான் சொல்றேன். அதை எழுது. அலங்காரம் பண்ணாத."

அப்படியே செய்தாள். வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து, ஐந்து பெயர்கள், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று. அச்சுக்கு அனுப்புமுன் வெர்னா மூன்று தடவை அவளை உரக்கப் படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவையில் ஒரு பிழை அகப்பட்டது. மூடின கதவுக்கு முன்னால் வேறெந்த அறையையும்விட அதிக நேரம் ஆட்கள் நிற்பதை அந்தக் கோடை முழுக்கப் பார்த்தேன்.

செப்டம்பரில் ஒரு பெண் வந்தாள். டிக்கெட் வாங்கும்போதே, "பேர்ல் ஓவர்பா, அந்தப் பேரு இங்க எழுதியிருக்காமே?" என்று கேட்டாள். அவள் பெயர் ஜோலீன். பேர்ல் அவள் அம்மா. பதினான்கு வருடம் அந்தக் கூடத்தைச் சுத்தம் செய்தவள். இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான் வெர்னாவைக் கூப்பிட்டேன்.

இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்தார்கள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"அம்மாவுக்கு சிறுநீரகம் போச்சு," என்றாள் ஜோலீன். "சர்க்கரைனால வந்ததுன்னு சொன்னாங்க. அப்ப நம்பினேன்."

யாரைப் பற்றியும் எதுவும் உடனே சொல்லிவிடுகிற வெர்னா அன்று வார்த்தைகளை எண்ணிப் பேசினாள்.

"அது இதனாலதானான்னு எனக்குத் தெரியாது கண்ணு. இல்லன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல."

"யார்கிட்ட கேக்கலாம்?"

"ஆல்பனில ஒரு டாக்டர் இருக்கார். அவர் சொல்றதையும் அப்படியே நம்பிடாத. அம்மாவோட பழைய ரிப்போர்ட் எல்லாம் வெச்சிருக்கியா?"

"ஒரு பெட்டி நிறைய இருக்கு."

"எடுத்துக்கிட்டு வா. நானும் வர்றேன்."

மறு வாரம் இரண்டு பேரும் போனார்கள். இறந்துபோனவளின் காகிதங்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜோலீன் அதை ஏற்றுக்கொண்டாள். வெர்னா ஏற்கவில்லை. அட்டையிலிருந்த மற்ற மூன்று பெயர்களில் இரண்டு பேர் உயிரோடிருந்தார்கள். ஒருத்தி ஊரிலேயே, ஒருத்தி புளோரிடாவில். அவர்களுக்கு வெர்னா தன் கையால் கடிதம் எழுதினாள். நகம் வெட்டி அனுப்பச் சொல்லி.