தூளுக்கு முந்தி

மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் மலையேறி லக்கலவுக்கு இறங்கும் தனியார் பஸ்ஸில் றினோஸ் கண்டக்டராக இருந்தான். அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் வயல் வரப்பில் யாராவது ஓடி வருவது தெரிந்தால், டிரைவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டாவது பஸ்ஸை நிறுத்திவைப்பான். நோயாளிகளுக்கு டவுனில் மருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பான். யானை வந்து சேனைப் பயிரை மிதித்துவிட்டால் லக்கல ஆட்கள் கிராம சேவகருக்கு முன்னால் அவனிடம்தான் சொல்லி அழுவார்கள். சோளக் காலத்தில் அலுவிகாரையில் இருந்த அவன் வீட்டுக்கு மூட்டையாகச் சோளம் வரும். "இவ்வளவையும் யாரு திங்கிற?" என்று மனைவி ஸக்கியா அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைப்பாள்.

ஒரு மத்தியானம், மழையும் பனியும் சேர்ந்து கண்ணை மறைத்த ஒரு வளைவில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லாரும் இறங்கியாயிற்று என்று நினைத்து றினோஸ் "ரைட்" என்றான். பஸ் நகர்ந்தது. கடைசியாக இறங்கிய சிறுமியின் குடை கதவில் மாட்டியிருந்ததை அவன் காணவில்லை. பிள்ளை பின் சக்கரத்துக்குள் இழுபட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் மடியிலேயே உயிர் போய்விட்டது.

வழக்கு நடந்து, யார் மேலும் குற்றமில்லை என்று முடிந்தது. றினோஸ் மறுபடி வேலைக்குப் போனான். வீட்டில் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவன் மறந்துவிட்டான் என்றே ஸக்கியா நினைத்தாள். ஆனால் பஸ் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவன் குதித்து இறங்கிப் பின் சக்கரத்தைக் குனிந்து பார்க்கத் தொடங்கியிருந்தான். பயணிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு எரிச்சல்பட்டார்கள். படுத்தால் நித்திரை வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் வேறொரு டிரைவர் அவனுடைய சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு, சிகரட் பெட்டியின் ஈயத்தாளில் கொஞ்சம் ஹெரோயின் தூளைக் கொட்டி, கீழே நெருப்புக் காட்டி, புகையை இழுக்கச் சொன்னான். அன்றைக்கு றினோஸ் குழந்தையைப் போலத் தூங்கினான்.

அதற்குப் பிறகு நடந்தவை ஊருக்கே தெரியும். வேலை போனது. வீட்டு காஸ் சிலிண்டர் ஒருநாள் த்ரீவீலில் ஏறிப் போனது. ஸக்கியா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து மகள் றுஸ்னாவை வளர்த்துப் படிக்க வைத்தாள். அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் ஹாஷிம், அலுவிகாரையில் சில்லறைக் கடை வைத்திருந்தவர், மச்சானைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் அடைத்தார். அங்கே கதவைப் பூட்டி வைத்தார்கள், அடித்தார்கள். வந்த வாரமே மறுபடி இழுத்தான்.

பிறகு ஸக்கியா தானே அவனை அழைத்துக்கொண்டு திரிந்தாள். போதைக்கு வைத்தியம் செய்யும் இடத்தில், "இவருக்கு மனசுல பிரச்சினை ஈக்கி, மொதல்ல அதப் பாருங்க" என்றார்கள். மனநோய்க்கு வைத்தியம் செய்யும் இடத்தில், "மொதல்ல தூள விட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றார்கள். இரண்டு வாசலிலும் அவள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போதுதான் ஒரு பல்கலைக்கழகக் குழு ஆய்வொன்றைத் தொடங்கியிருந்தது. ஹெரோயின் பழக்கமும் மனநோயும் ஒரே ஆளிடம் இருக்கும்போது, இரண்டையும் சேர்த்து வைத்தியம் பார்த்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். ஸக்கியா றினோஸை அங்கேயும் கூட்டிப் போனாள். வருகிறவர்களைக் கேள்வி கேட்டுப் பதிவது அந்தக் குழுவில் இருந்த அஜந்தாவின் வேலை. அவளுடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணத்து ஆட்கள், அரசாங்க உத்தியோகத்துக்கு மாத்தளை வந்து தங்கியவர்கள்.

"தூளுக்கு முந்தி உங்கட நித்திரை எப்பிடி இருந்தது?" என்று அவள் கேட்டாள்.

அதுவரை எல்லாக் கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த றினோஸ் நிமிர்ந்தான். "முந்தியா மிஸ்?"

"ஓம். முதல் தரம் இழுக்கிறதுக்கு முந்தி."

"நித்திரையே இல்ல. அந்தப் புள்ள மடியில கெடக்குது மிஸ். வாயெல்லாம் ரத்தம். எனக்கிட்ட என்ன கேட்டிச்சி தெரியுமா? 'கொட ஒடஞ்சத அம்மாக்கிட்ட செல்ல வாணாம் மாமா'ண்டு சிங்களத்துல கேட்டிச்சி. செல்ல மாட்டேன் மகள்ண்டு சென்னேன். கண்ண மூடினா அதுதான் கேக்குது. பஸ் கெளம்புற சத்தம் வந்தாலும் கேக்குது. தூள் இழுத்தா மட்டும் கேக்கல்ல."

பக்கத்தில் இருந்த ஸக்கியா அவன் பக்கம் திரும்பினாள். "ஏன் எனக்கிட்ட செல்லல்ல?"

"நீ அப்ப றுஸ்னாவ வயித்துல வச்சிக்கொண்டு ஈந்தாய்."

வார்ட்டில் சேர்த்தார்கள். உடம்பு முறுக்கி, வாந்தியெடுத்து, வியர்த்துக் கிடந்த நாட்கள் கழிந்ததும் வாராவாரம் டொக்டர் அவனை உட்கார வைத்து அந்த வளைவைப் பற்றியே பேச வைத்தார். ஆரம்பத்தில் பாதியிலேயே எழுந்து ஓடினான். பிறகு முழுவதையும் சொல்லி முடித்தான். இன்னும் சில வாரங்களில் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். ஸக்கியா கூடவே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தோட்டை தாண்டும்வரை அவன் உள்ளங்கை ஈரமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அவன் தூளைத் தொடவில்லை. றுஸ்னாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனான். தானே இடியப்பம் பிழிந்து, பிழிந்ததையெல்லாம் கட்டியாக்கி, ஸக்கியாவிடம் ஏச்சு வாங்கிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஹாஷிம்கூடக் கடையில் ஒரு வேலை தருவதாகச் சொன்னார்.

செத்த பிள்ளையின் தாயைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குள் ஓர் எண்ணம் வளர்ந்தது. "அவசரப்பட வாணாம், சேர்ந்து தயாராகிப் போவோம்" என்றார் டொக்டர். சரியென்றவன், ஒருநாள் காலையில் யாருக்கும் சொல்லாமல் லக்கல பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அன்று பின்னேரம் மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கழிவறையில் அவனைக் கண்டெடுத்தார்கள். பக்கத்தில் கருகிய தாள் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

ஜனாஸா எடுத்த பிறகு அந்தத் தாய் தேடி வந்தாள். ஸக்கியாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து சிங்களத்தில் சொன்னாள்: "நான் அவரை ஏசவில்லை மகள். சோறு போட்டேன். என் பிள்ளை கடைசியாகச் சொன்னதை அவர் சொன்னபோது இருவரும் அழுதோம். ஒரு குடைக்காக நான் அவளை அடித்திருப்பேனா என்று கேட்டேன். அதைக் கேட்டதும் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதா?"

ஸக்கியா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

றினோஸ் இறந்தது நெஞ்சுவலியால் என்று ஹாஷிம் பள்ளிவாசலில் சொல்லிவிட்டார். "றுஸ்னாட வாழ்க்கைய யோசி" என்றார் தங்கையிடம். கணவனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கும் இத்தாக் காலத்தில் ஸக்கியாவைப் பார்க்க அஜந்தா வந்தாள். வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தவளுக்கு அருகில் பாயில் உட்கார்ந்தாள்.

"மிஸ், மௌத்தானவங்க சென்னதெல்லாம் அழிச்சிடுவீங்களா?"

"இல்லை அக்கா. அவர் சொன்னது எல்லாம் இருக்கும். பேர் மட்டும்தான் இராது."

ஸக்கியா தலையாட்டினாள். பிறகு மனதில் கிடந்ததைக் கேட்டாள். "முந்தி நாளெல்லாம் இழுத்தாரே, அப்ப ஒண்டும் ஆகல்லியே. இப்ப மட்டும் ஏன்?"

"விட்டுட்டு இருந்தா உடம்புக்கு அந்தப் பழக்கம் போயிடும் அக்கா. பழைய அளவை எடுத்தா மூச்சு நிண்டுடும். வார்ட்டால வந்த பிறகுதான் ஆபத்துக் கூட."

"அவருக்குத் தெரியுமா?"

"சொன்னனாங்கள்."

"எனக்கு?"

அஜந்தா தலைகுனிந்தாள். "உங்களுக்கும் சொல்லியிருக்க வேணும்" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஆய்வில், வார்ட்டிலிருந்து போகிறவர்களின் வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொல்லத் தொடங்கினார்கள்.

இத்தா முடிந்து சில மாதங்களில், அடுத்த தெரு அம்றா வந்தாள். ஹாஷிமும் அப்போது அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்றாவின் நானா வேறெங்கோ வைத்தியம் பார்த்துத் தூளை விட்டு வந்திருந்தான். "இப்ப நல்லாகிட்டாரு லாத்தா, இனிப் பயமில்ல" என்று முகமெல்லாம் பூரித்துச் சொன்னாள்.

ஸக்கியா ஹாஷிமின் முகத்தைப் பார்த்தாள். அவர் வேண்டாமென்று கண்ணைக் காட்டினார்.

"ஒக்காரு அம்றா" என்றாள் ஸக்கியா. "என்ட மாப்புள நெஞ்சுவலில மௌத்தாகல்ல. தூள்லதான். விட்டு நல்லாகி ஈக்கக்குள்ள ஒருக்கா இழுத்தாரு, அதுலதான் போனாரு. ஒங்கட நானாவத் தனிய விட்டுடாதீங்க. மறுபடி இழுத்தா ஏசாதீங்க, மூச்சப் பாருங்க, ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

ஹாஷிம் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். வெகுநாள் வரவில்லை.

அம்றாவின் நானா பிறகு ஒருமுறை மறுபடி இழுத்தேவிட்டான். உதடு நீலம்பாரித்துக் கிடந்தவனை அம்றாவும் தாயும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டான். இப்போது சந்தியில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான். ஸக்கியாவைக் கண்டால் மரியாதையாக எழுந்து நிற்பான். அவளோ தூரத்தில் அவனைக் கண்டதுமே பாதையைக் கடந்து மறுபக்கம் போய்விடுவாள். அவன் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவன் மூச்சுவிட்டு நிற்பதைப் பார்க்கத்தான் அவளுக்கு இன்னும் ஏலவில்லை.